தேர்வுக் காலத்து மன அழுத்தம்

மன அழுத்தம் என்பது, எதிரே நிற்கும் சுமை தன் வலிமையை மிஞ்சிவிடும் என்று மூளை கணிக்கும்போது உடலும் மனமும் சேர்ந்து காட்டும் எதிர்வினை. உயிரைக் காப்பதற்காக உடல் தனக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு அது. பாம்பைக் கண்டதும் துள்ளி விலகும் கால்களுக்கு வலுவைத் தருவதும், வினாத்தாளை வாங்கும் விரல்களை நடுங்க வைப்பதும் இந்த ஒரே ஏற்பாடுதான். மாணவப் பருவத்தில் இதை அடிக்கடி எழுப்புவது தேர்வு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள், நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத்தேர்வுகள், கல்லூரியின் பருவத்தேர்வுகள் என்று ஒன்று முடியுமுன் இன்னொன்று வந்து நிற்கிறது.

தமிழில் 'மன அழுத்தம்' என்ற சொல் இரண்டு வேறு நிலைகளைக் குறிக்க வழங்குகிறது. தேர்வு நெருங்கும்போது வரும் படபடப்பையும் அது குறிக்கிறது. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் துவண்டுபோகும் நோயையும் குறிக்கிறது. பின்னதற்கு மருத்துவ நூல்கள் 'மனச்சோர்வு' என்ற சொல்லை ஆள்கின்றன. பேச்சு வழக்கில் 'டென்ஷன்' என்று சொல்வது முன்னதை. இரண்டையும் ஒன்றாகக் கருதினால் இரு பக்கமும் பிழை நேர்கிறது. இயல்பான படபடப்பைக் கண்டு வீடு அஞ்சுகிறது. மருத்துவம் தேவைப்படும் சோர்வை 'பரீட்சை டென்ஷன்தான், சரியாகிவிடும்' என்று தள்ளிவிடுகிறது.

உடலில் எழும் இரண்டு அலைகள்

அச்சத்தின்போது உடலில் நிகழும் மாற்றங்களை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்ட்டர் கேனன். விலங்குகள் ஆபத்தை எதிர்கொள்ளும்போது போரிடவோ தப்பி ஓடவோ உடல் முழுவதும் ஒரு நொடியில் ஆயத்தமாகிறது என்று 1915-இல் வெளியான தம் நூலில் அவர் விளக்கினார்.

இந்த ஆயத்தம் இரண்டு அலைகளாக எழுகிறது. முதல் அலை நரம்பு வழியாக வருவது. மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு வடிவில் உள்ள அமிக்டலா ஆபத்தை மோப்பம் பிடித்ததும் மூளையின் இன்னொரு பகுதியான ஹைப்போதலாமஸுக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது, கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோசை வெளியிடுகிறது. செரிமான உறுப்புகளுக்கும் தோலுக்கும் போக வேண்டிய குருதியின் ஒரு பங்கு தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. உமிழ்நீர் குறைகிறது.

'வயிற்றில் புளியைக் கரைக்கிறது', 'கை சில்லிட்டுப் போச்சு', 'நாக்கு ஒட்டிக்கொண்டது' என்று காலங்காலமாகச் சொல்லிவருவது இந்த மாற்றங்களைத்தான். மருத்துவம் பெயர் வைப்பதற்கு முன்பே பேச்சுத்தமிழ் இவற்றைக் கவனித்து வைத்திருக்கிறது. தேர்வு நாள் காலையில் இட்லி தொண்டையில் இறங்காத பிள்ளை நடிக்கவில்லை. அந்த நேரத்தில் அதன் வயிறு உண்மையிலேயே வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் அலை சற்று மெதுவானது. குருதி வழியாக வருவது. ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஒரு வேதிப்பொருள் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன் அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதியைத் தூண்டுகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் வெளிவருகிறது. அழுத்தம் தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. ஆற்றல் தொடர்ந்து கிடைக்கச் செய்வதும், அந்த நேரத்துக்கு அவசியமற்ற பணிகளை ஒத்திப்போடுவதும் கார்ட்டிசாலின் வேலை.

இந்த அமைப்பிலேயே அதை நிறுத்தும் வழியும் இருக்கிறது. குருதியில் கார்ட்டிசால் கூடியதும் அதுவே மூளைக்குத் திரும்பிச் சென்று ஹைப்போதலாமஸையும் ஹிப்போகாம்பஸ் பகுதியையும் அடைந்து, சுரப்பைக் குறைக்கச் செய்கிறது. தொட்டி நிரம்பியதும் மிதவை எழுந்து குழாயை அடைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் இதயத்தையும் மூச்சையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. எழுவதும் தணிவதும் சேர்ந்ததே நலமான எதிர்வினை. மாணவர்களின் மனநலம் குறித்த அறிவுரைகளும் திட்டங்களும் பெரும்பாலும் இந்தத் தணிதலுக்கு வழிசெய்வதைப் பற்றியவையே.

படித்தது மறந்துபோவது ஏன்?

வினாத்தாளைப் பிரித்ததும் மனம் வெறுமையாகிவிட்டது என்றும், அரங்கைவிட்டு வெளியே வந்ததும் விடை நினைவுக்கு வந்தது என்றும் மாணவர்கள் சொல்வதுண்டு. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது செயல்நினைவு தொடர்பானது. ஒரு கணக்கைப் போடும்போது எண்களையும் சூத்திரத்தையும் அடுத்த படியையும் ஒருசேர மனத்தில் பிடித்து வைத்திருப்பது செயல்நினைவு. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி இதற்குப் பொறுப்பு. அதன் கொள்ளளவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே தாங்கும். 'தோற்றுவிட்டால் அப்பா என்ன சொல்வார்' என்ற கவலையும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. கவலை பிடித்துக்கொண்ட இடம் கணக்குக்குக் கிடைப்பதில்லை. அளவான படபடப்பின்போது கூர்மையாக இயங்கும் இந்தப் பகுதி, கடும் அழுத்தத்தின்போது நார்அட்ரினலின், டோபமின் ஆகியவை மிகுவதால் தளர்ந்துபோகிறது. யோசித்துச் செய்யும் வேலை குறைந்து, பழக்கத்தால் செய்யும் வேலை மேலோங்குகிறது.

இரண்டாவது காரணம் கார்ட்டிசால். நினைவுகளைச் சேர்ப்பதிலும் மீட்பதிலும் பங்கு பெறும் ஹிப்போகாம்பஸில் கார்ட்டிசாலை ஏற்கும் வாங்கிகள் நிறைந்துள்ளன. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்கள் சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தார்கள். மறுநாள் ஒப்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, உடலுக்குள் கார்ட்டிசாலாக மாறும் மருந்து கொடுக்கப்பட்டபோது அவர்களுக்கு நினைவுக்கு வந்த சொற்கள் குறைந்தன. அதே மருந்தை மனப்பாடம் செய்வதற்கு முன்போ, முடித்த உடனேயோ கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. பாதிக்கப்பட்டது சேமிப்பு அல்ல, சேமித்ததை எடுக்கும் வேலை என்பது இதனால் தெரிகிறது. மறந்துவிட்டதாகத் தோன்றும் பாடம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. படபடப்பு தணியும்போது அதற்கான வழியும் திறக்கிறது.

அளவும் காலமும்

அழுத்தமே இல்லாத நிலை கற்றலுக்கு உகந்ததன்று. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 1908-இல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைப் பெட்டிக்கும் கறுப்புப் பெட்டிக்கும் வேறுபாடு காண எலிகள் பழக வேண்டும். தவறினால் மின் அதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோதோ, அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டியதும் கற்றல் மந்தமானது. கடினமான வேலைக்கு மிகுந்த மிரட்டல் உதவாது என்பது இந்தச் சோதனையின் சாரம்.

அளவைப் போலவே காலமும் முக்கியமானது. மாண்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே, எலிகளைக் குளிர், காயம், நஞ்சு என வேறுவேறு துன்பங்களுக்கு உட்படுத்தியபோதும் அவற்றின் உடலில் ஒரே வகை மாற்றங்களே தோன்றுவதை 1936-இல் அறிவித்தார். முதலில் உடல் விழித்துக்கொள்கிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, துன்பம் ஓயாமல் தொடர்ந்தால் இறுதியில் களைத்துச் சரிகிறது.

தேர்வுக்கு ஆயத்தமாகும் உடலில் இது எப்படி வெளிப்படுகிறது என்பதை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. கோடை விடுமுறையில் ஒரு முறை, தேர்வுக்கு மூன்று நாள் முன்பு இன்னொரு முறை. தேர்வு நேரத்தில் அந்தக் காயம் ஆற, விடுமுறையில் ஆனதைவிட 40 விழுக்காடு கூடுதல் நாள்கள் பிடித்தன. 1998-இல் வெளியான இந்த ஆய்வு, தேர்வுக் காலத்தில் சளியும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் அடிக்கடி வருவதாக மாணவர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது என்று உணர்த்துகிறது. ஓயாத அழுத்தத்தால் உடலில் சேரும் இத்தகைய தேய்மானத்தை அமெரிக்க நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்ஈவன் விரிவாக ஆராய்ந்தார்.

மெக்ஈவனும் பங்குகொண்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று நம்பிக்கையும் தருகிறது. பெரிய தேர்வொன்றுக்கு ஒரு மாதமாக ஆயத்தமாகிவந்த மருத்துவ மாணவர்களிடம், கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் குறைந்திருந்தது. முன்மூளைப் புறணியின் இணைப்புகளும் தளர்ந்திருந்தன. தேர்வு முடிந்து, அழுத்தம் குறைந்து ஒரு மாதம் கழிந்ததும் அந்தக் குறைகள் மறைந்தன. இளம் மூளை ஓய்வு கிடைத்தால் மீண்டுவிடுகிறது. ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடையே அந்த ஓய்வு கிடைக்கிறதா என்பதே கேள்வி.

வளரிளம் பருவமும் தூக்கமும்

பதின்பருவத்தில் அமிக்டலா போன்ற உணர்ச்சிப் பகுதிகள் விரைந்து இயங்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுக்குக் கடிவாளமிடும் முன்மூளைப் புறணியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்குச் சிறிதாகத் தெரியும் ஒரு மதிப்பெண் இழப்பு, பதினேழு வயதில் உலகமே முடிந்ததாகத் தோன்றுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். உலகில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

இந்தப் பருவத்தில் உடற்கடிகாரமும் பின்தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சிறுவயதினரைவிடப் பதின்பருவத்தினருக்கு இரவில் தாமதமாகச் சுரக்கிறது. அவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பதினோரு மணிக்கும் தூக்கம் வராமல், விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பப்படும் மாணவருக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. பகலில் படித்ததை மூளை மீண்டும் ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துவது ஆழ்ந்த உறக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிப்பது, விதைத்த நிலத்துக்குத் தண்ணீர் விடாமல் மேலும் மேலும் விதைப்பதற்கு ஒப்பு.

அறிகுறிகள்

இயல்பான தேர்வுப் படபடப்பு தேர்வோடு வந்து தேர்வோடு போகிறது. அது எல்லை தாண்டுவதைச் சில மாற்றங்கள் காட்டும். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை அல்லது அளவுக்கு மீறிய பசி, தூக்கமின்மை ஆகியவை உடலின் அறிகுறிகள். எரிச்சல், காரணமற்ற அழுகை, கவனச் சிதறல், தன்னைத் தாழ்த்திப் பேசுவது ஆகியவை மனத்தின் அறிகுறிகள். நண்பர்களைத் தவிர்ப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, விரும்பிய விளையாட்டைக் கைவிடுவது ஆகியவை நடத்தையில் தெரிபவை. மருத்துவச் சோதனைகளில் குறை ஏதும் தெரியாத வயிற்றுவலி திங்கட்கிழமைதோறும் வந்தால், அந்த வலியும் பொய்யன்று. அது மனத்தின் சுமையை உடல் பேசும் மொழி.

துயரமோ ஆர்வமின்மையோ நாளின் பெரும்பகுதியும் இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடித்து, தூக்கம், உணவு, படிப்பு ஆகியவற்றைக் குலைத்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'நான் எல்லாருக்கும் பாரம்', 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்பன போன்ற பேச்சு, பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, விடைபெறுவதுபோல் செய்தி அனுப்புவது ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது சரியன்று. கனிவாகக் கேட்கப்படும் அந்தக் கேள்வி, தனியே சுமந்ததை இறக்கிவைக்க இடம் தருகிறது.

தணிக்கும் வழிகள்

உடனடியாகத் தணிக்க உதவுவது மூச்சு. மூச்சை வெளியே விடும்போது எதிர்ப்பரிவு மண்டலத்தைச் சேர்ந்த வேகஸ் நரம்பின் செயல் கூடி இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. அதனால் உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளிவிட்டு, சில நிமிடங்கள் மெதுவாக மூச்சுவிட்டால் படபடப்பு இறங்கும். வினாத்தாளைப் படிக்கக் கொடுக்கும் நேரத்திலேயே இதைச் செய்ய முடியும்.

மனத்தை அடைத்திருக்கும் கவலையை எழுத்தில் இறக்குவது இரண்டாவது வழி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் ஆகிய இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உயிரியல் தேர்வுக்குச் சற்று முன்பாக ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் அச்சங்களைப் பத்து நிமிடங்கள் தாளில் எழுதினார்கள். வழக்கமாகத் தேர்வைக் கண்டு மிகவும் அஞ்சுபவர்களுக்கு இது நல்ல பலன் தந்தது. எழுத்தில் இறங்கிய கவலை செயல்நினைவில் இடம்பிடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

படிக்கும் முறையும் ஒரு மருந்துதான். குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நெடுநாள் நினைவுக்கு வலுவூட்டுகிறது என்று ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஒரே நாளில் பத்து மணி நேரம் படிப்பதைவிட அதே நேரத்தைப் பல நாள்களுக்குப் பிரித்துப் படித்தால் பாடம் நன்றாகத் தங்கும். இப்படிப் பழகியவருக்குத் தேர்வு அரங்கில் செய்ய வேண்டியது ஏற்கெனவே பல முறை செய்த வேலை. அச்சத்துக்கு அங்கே இடம் குறைவு.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் தூக்கம், உடலசைவு, துணை ஆகிய மூன்றும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. தேர்வு நெருங்கும்போது வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டு. உண்மையில் அப்போதுதான் அது அதிகம் தேவைப்படுகிறது. மாலையில் அரை மணி நேரம் பந்தடித்துவிட்டு, வீட்டாருடன் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைக்கு உடலின் அலை தணிய வேளை கிடைக்கிறது.

வீடும் பள்ளியும் அரசும்

அழுத்தத்தை மாணவர் மட்டுமே தணித்துக்கொள்ள முடியாது. அதை உண்டாக்கும் சூழலும் மாற வேண்டும். வீட்டில் இது பேச்சிலிருந்து தொடங்குகிறது. அத்தை மகனோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிடும் பேச்சு, பிள்ளையின் செயல்நினைவில் இன்னொரு கவலையைக் கொண்டுபோய் வைக்கிறது. 'எவ்வளவு எடுத்தாய்' என்பதற்கு முன்னால் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்று கேட்பதும், அறிவுரை கூறாமல் பிள்ளை பேசி முடிக்கும்வரை கேட்டிருப்பதும் செலவில்லாத உதவிகள். மதிப்பெண் குறைந்தாலும் வீட்டில் தன் இடம் குறையாது என்று தெரிந்த பிள்ளைக்குத் தேர்வு ஒரு தேர்வாக மட்டுமே தெரிகிறது.

தேர்வு முறையில் செய்யும் மாற்றமும் மனநலப் பணிதான். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினாலும் அந்த ஆண்டுக் கல்லூரிச் சேர்க்கை கைநழுவும் நிலை முன்பு இருந்தது. தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே தவறிய பாடத்தை மீண்டும் எழுத வழிசெய்யும் தேர்வு 2000-களின் முதல் ஆண்டுகளில் கொண்டுவரப்பட்டது. இன்று துணைத்தேர்வு என்று அறியப்படும் அந்த ஏற்பாடு, தோல்வியை ஓராண்டு இழப்பிலிருந்து சில வாரக் காத்திருப்பாகச் சுருக்கியது. 2017-இல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு நிறுத்தியது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நாடு முழுமைக்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து வைப்பதும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் கூடாது என்பவை அவற்றில் அடங்கும். பயிற்சி மையங்களுக்கும் இவை பொருந்தும்.

உதவி கேட்பது

காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பது போலவே மனத் துயருக்கும் பார்க்கலாம் என்ற எண்ணம் இன்னும் வேரூன்றவில்லை. 'பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள்' என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவித்துள்ளது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், தண்டனைக்கு உரியவராக அல்ல என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இந்தியாவில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் எண் 14416. கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986-இல் தொடங்கிய சினேகா தொண்டு நிறுவனம், மனம் உடைந்தவர்களின் பேச்சைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மூலம் கேட்டுவருகிறது. இலங்கையில் சாதாரண தரம், உயர்தரத் தேர்வுகளை எழுதும் தமிழ் மாணவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

துயரத்தில் இருக்கும் மாணவர் முதலில் மனம் திறப்பது பெரும்பாலும் மருத்துவரிடம் அல்ல, பக்கத்து இருக்கையில் இருக்கும் தோழரிடம்தான். அந்தத் தோழர் செய்ய வேண்டியவை மூன்று: குறுக்கிடாமல் கேட்பது, தனியே விடாமல் உடனிருப்பது, நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சேர்ப்பது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் 'யாரிடமும் சொல்லாதே' என்று வாங்கிய சத்தியத்தைக் காக்க வேண்டியதில்லை. தீர்வு சொல்லத் தெரியாவிட்டாலும் குறையில்லை. ஒருவர் உடனிருக்கிறார் என்ற உணர்வே ஏறிய துடிப்பை இறக்கத் தொடங்கும். மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டிய மீதி வழியை அதன்பின் சேர்ந்து நடக்கலாம்.